நாசா மனிதர்களைப் பூமிச் சுற்றுப்பாதை தாண்டி அனுப்புமா? பேச்சை விடுங்கள், பட்ஜெட்டைப் பாருங்கள்

‘விண்வெளிக்கு மனிதரை அனுப்புவது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பூமியைச் சுற்றிவருவது, இன்னொன்று பூமியை விட்டே கிளம்பிப் போவது. முதலாவதை அமெரிக்காவின் நாசா பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டே இருக்கிறது. இரண்டாவதை 1968 டிசம்பரில் தொடங்கி 1972 டிசம்பரில் நிறுத்தியது, அவ்வளவுதான், முழுதாக நான்கே ஆண்டுகள். அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எந்த நாட்டின் மனிதரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை, இனிமேல் தொடர்ந்து போவார்களா, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. விண்வெளி பற்றி எதுவும் தெரியாதவர் என்றாலும் பரவாயில்லை, தொடர்ந்து படிக்கலாம்.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்வோம். பூமியை ஒரு கால்பந்து அளவுக்குச் சுருக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது; இந்தக் கணக்கில் அது பந்தின் மேல்தோலிலிருந்து 7 மில்லிமீட்டர்தான். நிலவு ஆறரை மீட்டர் தள்ளி இருக்கும். செவ்வாய், பூமிக்கு மிக அருகே வருகிற காலத்திலும், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நாம் செய்தியில் பார்க்கிற விண்வெளி நடை, விண்வெளியில் பிறந்தநாள் கொண்டாட்டம், ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பியவர்கள் எல்லாமே அந்த 7 மில்லிமீட்டருக்குள் நடப்பவை. 2024 செப்டம்பரில் ஒரு தனியார் பயணம் சுமார் 1,400 கிலோமீட்டர் உயரம் வரை போனபோது, அப்போலோ எனப்பட்ட அந்த 1968-72 நிலவுப் பயணங்களுக்குப் பிறகு மனிதர் தொட்ட மிகப் பெரிய உயரம் அதுதான் என்று பெருமையாகச் சொன்னார்கள். பந்துக் கணக்கில் அது இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை.

இந்த 7 மில்லிமீட்டர் வட்டாரத்தைத் தாழ் புவிச் சுற்றுப்பாதை என்கிறார்கள். இதைத் தாண்டினால் என்ன மாறுகிறது என்று பார்த்தால்தான், நாசா ஏன் இவ்வளவு காலம் இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது என்பது விளங்கும்.

தாண்டினால் என்ன ஆகும்?

தொடக்கம் வேகத்தில். விண்வெளி நிலையம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடுகிறது. அங்கிருந்து நிலவுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் இன்னும் நொடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூட்ட வேண்டும். மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் அந்த மூன்றைக் கூட்ட எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளையும் கீழேயிருந்து ராக்கெட்தான் சுமந்துகொண்டு போக வேண்டும், அதைச் சுமக்க இன்னும் எரிபொருள் வேண்டும், இப்படியே அது வளர்ந்துகொண்டே போகும். நல்ல ஹைட்ரஜன் எஞ்சினை வைத்துக்கொண்டாலும்கூட, சுற்றுப்பாதைக்குக் கொண்டுவந்த மொத்த எடையில் பாதியை எரித்தால்தான் அந்த மூன்று கிலோமீட்டர் கிடைக்கும். மீதிப் பாதியில்தான் மனிதர், கலம், காற்று, தண்ணீர், திரும்பி வருவதற்கான எரிபொருள் எல்லாம் அடங்க வேண்டும். அதனால்தான் அப்போலோ காலத்தில் 111 மீட்டர் உயரத்துக்கு சாட்டர்ன்-5 என்ற ராட்சத ராக்கெட்டைக் கட்டினார்கள். மனிதரை விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோகிற ராக்கெட்டுகள் இந்த வேலைக்குப் போதாது.

அடுத்தது திரும்பி வருவது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. நிலவிலிருந்து வருகிற கலம் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் பூமியின் காற்றில் மோதுகிறது. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் ஆற்றல் வேகத்தின் இருபடியாகப் பெருகும் என்பதால், விண்வெளி நிலையத்திலிருந்து வருகிற கலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலை வெப்பமாகக் கொட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது. இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. நாசாவின் இன்றைய நிலவுத் திட்டமான ஆர்ட்டெமிஸின் முதல் பயணமாக, 2022 நவம்பரில் ஆள் இல்லாமல் பறந்த ஆர்ட்டெமிஸ்-1-ல் ஓரையன் கலம் பத்திரமாகத் திரும்பிவந்தது, ஆனால் அதன் வெப்பக் கவசத்திலிருந்து எதிர்பாராத வகையில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய துண்டுகள் பெயர்ந்து போயிருந்தன. கவசப் பொருளுக்குள் உருவான வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி வெடிப்பு விட்டதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 2024 டிசம்பரில் நாசா எடுத்த முடிவு சுவாரசியமானது: அடுத்த பயணத்துக்கு அதே கவசம் இருக்கட்டும், காற்றுக்குள் நுழைகிற பாதையை மட்டும் மாற்றிக்கொள்வோம். கவசத்தை மாற்றியிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் போயிருக்கும்.

பிறகு கதிர்வீச்சு. பூமியின் காந்தப்புலம் ஒரு பாதுகாப்பு வளையம், விண்வெளி நிலையம் அதற்குள்தான் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் சூரியனிலிருந்து வீசுகிற துகள்களும் விண்மீன் வெளியிலிருந்து வருகிற துகள்களும் நேராக உடம்பில் படும். 1972 ஆகஸ்டில் சூரியனில் ஒரு பெரிய புயல் அடித்தது. அப்போலோ-16 ஏப்ரலில் போய்த் திரும்பிவிட்டது, அப்போலோ-17 டிசம்பரில்தான் கிளம்பியது, இரண்டுக்கும் நடுவில் அடித்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆர்ட்டெமிஸ்-1 கலத்தில் ஹெல்கா, சோஹர் என்று பெயர் வைத்த இரண்டு பொம்மை உடல்களை உட்காரவைத்து அனுப்பியது இந்தக் கதிர்வீச்சை அளக்கத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், உதவி கிடைக்கும் தூரம். விண்வெளி நிலையத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சில மணி நேரங்களில் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம். உதிரிபாகம் தீர்ந்தால் அடுத்த சரக்குக் கலத்தில் வந்துவிடும். 1970 ஏப்ரலில் அப்போலோ-13 நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, வீடு திரும்ப மூன்றரை நாளுக்கு மேல் ஆனது, அதுவும் நிலவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. செவ்வாய் என்றால் அந்தக் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். போக ஆறிலிருந்து ஒன்பது மாதம். கிளம்புவதற்குத் தோதான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். போய்த் திரும்ப இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். பூமிக்கு ஒரு கேள்வி அனுப்பினால் அது வந்து சேரவே, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம், பதில் போய்ச்சேர மறுபடியும் அவ்வளவு. நடுவழியில் மனம் மாறித் திரும்புவதெல்லாம் கிடையாது.

சரி, கஷ்டம்தான். ஆனால் கஷ்டம் என்பதால் நின்றுபோனது என்று நினைத்துவிடாதீர்கள். இதே கஷ்டங்களை, இன்றைய கைப்பேசியில் இருக்கிற கணக்கிடும் திறனில் ஒரு துளிகூட இல்லாத கணினிகளை வைத்துக்கொண்டு, 1960களில் எட்டே ஆண்டுகளில் தாண்டினார்கள். நின்றதற்குக் காரணம் வேறு.

முடிவு நாசாவின் கையில் இல்லை

தொடக்க வாசகர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ‘நாசா நிலவுக்குப் போக முடிவு செய்தது’ என்று செய்தித் தலைப்பு வரும். நாசாவால் அப்படியெல்லாம் முடிவு செய்ய முடியாது. அது அமெரிக்க அரசின் ஒரு துறை. அதன் தலைவரை அதிபர் நியமிக்கிறார், செனட் சபை ஒப்புதல் தருகிறது. எங்கே போக வேண்டும் என்ற இலக்கை அதிபர் அறிவிக்கிறார். ஆனால் பணத்தை ஒதுக்குவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அதுவும் ஆண்டுதோறும். அக்டோபர் 1 அன்று புதிய நிதியாண்டு தொடங்குகிறது, அதற்குள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாமல் பழைய கணக்கிலேயே மாதக்கணக்கில் ஓட்டுவது அங்கே சகஜம். இன்னொரு வேடிக்கை, நாசாவுக்கான பணம் வருகிற மசோதாவிலேயேதான் நீதித்துறை அமைச்சகம், எஃப்பிஐ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வானிலை அமைப்பு எல்லாவற்றுக்கும் பணம் வருகிறது. நிலவுக்குப் போகிற ராக்கெட் எஃப்பிஐ அதிகாரியின் சம்பளத்தோடு போட்டி போட வேண்டும்.

இப்போது மூன்று கடிகாரங்களை ஒன்றாகப் பாருங்கள். புதிய ராக்கெட்டையும் கலத்தையும் தரையிறங்கும் வாகனத்தையும் உருவாக்கப் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதிபரின் பதவிக்காலம் நான்கு, அதிகம் போனால் எட்டு. பணம் ஒதுக்குவது ஒவ்வோர் ஆண்டும். அதாவது தொடங்கி வைக்கிறவர் ஒருவர், முடிவைப் பார்ப்பவர் இன்னொருவர், நடுவில் பத்துப் பதினைந்து முறை அந்தத் திட்டம் பட்ஜெட் விவாதத்தில் உயிர் பிழைக்க வேண்டும். 1972-க்குப் பிறகு நடந்தது முழுவதும் இந்த மூன்று கடிகாரங்களும் ஒத்துப்போகாத கதைதான்.

அப்போலோ மட்டும் எப்படிப் பிழைத்தது? 1961 மே 25 அன்று அதிபர் கென்னடி நிலவு என்ற இலக்கை அறிவித்தபோது சோவியத் ஒன்றியம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, விண்வெளிக்குப் போன முதல் மனிதரான அவர்களுடைய ககாரின் போய்வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. 1962 நவம்பரில் நாசாவின் அன்றைய தலைவர் ஜேம்ஸ் வெப்புடன் கென்னடி பேசிய ஒலிப்பதிவு இருக்கிறது. அதில், விண்வெளியில் தனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை, ரஷ்யர்களை முந்த வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு செலவு என்று அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். 1966-ல் அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவில் 4.4 சதவீதம் நாசாவுக்குப் போனது. இன்று அது அரை சதவீதத்துக்கும் கீழே. ஓட்டப்பந்தயம் முடிவது கண்ணுக்குத் தெரிந்தவுடனேயே பணம் குறையத் தொடங்கியது. சாட்டர்ன்-5 ராக்கெட் உற்பத்தியை 15-ஓடு நிறுத்தச் சொன்னது 1968 ஆகஸ்டில், அதாவது ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைப்பதற்கு ஓராண்டு முன்னாலேயே! 1970-ல் கடைசி மூன்று நிலவுப் பயணங்களை ரத்து செய்தார்கள். மிச்சமிருந்த ராக்கெட்டுகளின் பாகங்கள் இன்றும் ஹூஸ்டனிலும் ஃப்ளோரிடாவிலும் காட்சிக்குப் படுத்துக் கிடக்கின்றன.

1969-ல் துணை அதிபர் ஆக்னியூ தலைமையிலான குழு விண்வெளி நிலையம், மறுபடி மறுபடி பயன்படுத்தும் விண்கலம், 1980களில் செவ்வாய் என்று ஒரு பெரிய பட்டியலை அதிபர் நிக்சனிடம் கொடுத்தது. நிக்சன் அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டார், அதுதான் 1972 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற ஸ்பேஸ் ஷட்டில். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஷட்டிலால் தாழ் புவிச் சுற்றுப்பாதையை விட்டு வெளியே போகவே முடியாது. ஹப்பிள் தொலைநோக்கி இருக்கும் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் உயரம்தான் அதன் எல்லை. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது, எவ்வளவோ செய்தது, ஆனால் அந்த முப்பது ஆண்டுகளும் நாசாவிடம் மனிதரை ஏற்றிச்செல்ல இருந்த ஒரே வாகனம் அது. ஆக, எந்த அதிபர் என்ன பேசினாலும், ‘வெளியே போகப் போவதில்லை’ என்ற பதில் 1972-லேயே உலோகத்தில் வார்க்கப்பட்டுவிட்டது.

பேசியவர்கள் பலர், போனவர் இல்லை

1989 ஜூலை 20, நிலவில் இறங்கிய இருபதாம் ஆண்டு நாள். முதலாவது புஷ் மேடையேறி, மறுபடியும் நிலவு, இந்த முறை நிரந்தரமாக, அப்புறம் செவ்வாய் என்று அறிவித்தார். நாசா மூன்று மாதம் கணக்குப் போட்டுப் பார்த்தது. இருபது முப்பது ஆண்டுகளில் 50,000 கோடி டாலர் வரை ஆகும் என்ற தொகை வெளியே வந்ததும் காங்கிரஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் சத்தமில்லாமல் செத்துப்போனது.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஷட்டில் திரும்பும்போது உடைந்து ஏழு பேரும் இறந்தார்கள். விசாரித்த குழு, தொழில்நுட்பக் காரணங்களோடு சேர்த்து ஒரு கசப்பான உண்மையையும் எழுதியது: முப்பது ஆண்டுகளாக, மனிதர் விண்வெளியில் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு நாசாவுக்கு நாடு ஒரு வலுவான நோக்கத்தைக் கொடுக்கவே இல்லை. அதன் விளைவாக 2004 ஜனவரியில் இரண்டாவது புஷ் ஒரு புதிய திட்டத்தை அறிவித்தார். ஷட்டிலை 2010-ல் நிறுத்துவது, 2020-க்குள் நிலவுக்குத் திரும்புவது. கான்ஸ்டலேஷன் என்று பெயர். ஆரீஸ்-1, ஆரீஸ்-5 என்று இரண்டு ராக்கெட்டுகள், ஓரையன் கலம், ஆல்டேர் என்ற தரையிறங்கு வாகனம். காகிதத்தில் எல்லாம் இருந்தது, தேவையான அளவுக்குப் பணம்தான் வரவில்லை.

ஒபாமா வந்ததும் நார்மன் அகஸ்டின் என்ற விண்வெளித் துறை மூத்தவர் தலைமையில் ஒரு குழுவைப் போட்டார். 2009 அக்டோபரில் அந்தக் குழு கொடுத்த அறிக்கை, இந்த விஷயத்தில் இதுவரை வந்தவற்றிலேயே நேர்மையானது என்பது என் கருத்து. சாரம் இதுதான்: இந்தப் பாதையில் தொடர்ந்து போக முடியாது, இலக்குக்கும் கொடுக்கிற பணத்துக்கும் பொருத்தமே இல்லை, சுற்றுப்பாதை தாண்டி மனிதரை அனுப்ப உண்மையிலேயே விருப்பம் இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் ஆசையை மூட்டை கட்டுங்கள். நிலவில் இறங்காமல் சிறுகோள்கள், செவ்வாயின் துணைக்கோள்கள் என்று படிப்படியாகப் போகிற ஒரு வழியையும் அது முன்வைத்தது. ஈர்ப்பு விசை அதிகமான தரையில் இறங்கத் தேவையில்லாத இடங்களாகப் போனால் தரையிறங்கு வாகனத்தின் செலவைத் தள்ளிப்போடலாமே என்பது கணக்கு.

2010 பிப்ரவரியில் ஒபாமா கான்ஸ்டலேஷனை ரத்து செய்ய முன்மொழிந்தார். ஏப்ரலில் கென்னடி விண்வெளி மையத்துக்கே வந்து, 2025 வாக்கில் சிறுகோள், 2030களின் நடுவில் செவ்வாய்ச் சுற்றுப்பாதை என்றார். அப்போலோவில் நிலவுக்குப் போய்வந்த ஆர்ம்ஸ்ட்ராங், லவல், செர்னன் மூவரும் சேர்ந்து இந்த ரத்து நாசமான முடிவு என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். அதைவிட முக்கியமாக, காங்கிரஸ் திருப்பி அடித்தது. பழைய திட்டம் போனால் போகட்டும், ஆனால் ஒரு பெரிய ராக்கெட்டைக் கட்டியே ஆக வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரில் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அது எத்தனை டன் தூக்க வேண்டும் என்பதுகூட அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஷட்டிலின் ஒப்பந்தங்களையும் தொழிலாளர்களையும் பாகங்களையும் முடிந்தவரை பயன்படுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. இப்படிப் பிறந்ததுதான் எஸ்எல்எஸ். இதைக் கேலியாக ‘செனட் ராக்கெட்’ என்று அழைப்பவர்கள் உண்டு. அலபாமா, லூசியானா, மிசிசிப்பி, யூட்டா, டெக்ஸஸ், ஃப்ளோரிடா என்று அதன் வேலை பரவிக்கிடக்கிறது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள்.

கேலி நியாயமானதுதான். 2016 முடிவுக்குள் தயாராக வேண்டும் என்று சட்டம் சொன்ன அந்த ராக்கெட் முதலில் பறந்தது 2022 நவம்பர் 16 அன்று. நாசாவின் சொந்தத் தணிக்கை அலுவலகமே, முதல் நான்கு ஆர்ட்டெமிஸ் பயணங்களில் ஒவ்வொன்றும் ராக்கெட், கலம், தரைக் கட்டமைப்பு சேர்த்து 410 கோடி டாலர் ஆகும் என்று 2022-ல் சொன்னது. ஒருமுறை பறந்ததும் கடலில் போய்விடுகிற ராக்கெட்டுக்கு! ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு விலையும் தாமதமும் இருந்தும் அது சாகாமல் இருப்பதற்குக் காரணமே அந்த மாநிலங்கள்தான். கான்ஸ்டலேஷனைக் காப்பாற்றத் தேவையான அளவு ஆள் இல்லை, எஸ்எல்எஸ்ஸைக் காப்பாற்ற ஆள் இருந்தார்கள். பொறியியல் ரீதியாக மோசமான திட்டம் அரசியல் ரீதியாக உறுதியான திட்டமாக இருக்கலாம், பல அதிபர்களைத் தாண்டி அது ஓடுகிறது என்றால் அதுதான் விஷயம்.

இன்றைய நிலை

2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு இலக்கை மறுபடி நிலவுக்கு மாற்றியது. 2019-ல் ஆர்ட்டெமிஸ் என்ற பெயரும் 2024-க்குள் தரையிறக்கம் என்ற தேதியும் வந்தன. அந்தத் தேதியை அப்போதே பலரும் நம்பவில்லை, அது நடக்கவும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று நடந்தது: 2021-ல் ஆட்சி மாறியது, பைடன் வந்தார், திட்டம் ரத்தாகவில்லை. முந்தைய அதிபரின் நிலவுத் திட்டத்தை எதிர்க்கட்சி அதிபர் அப்படியே எடுத்துத் தொடர்ந்தது நிக்சன் காலத்திலிருந்து பார்த்தால் புதுமை.

திட்டத்தின் உறுப்புகள் இப்படி. எஸ்எல்எஸ் ராக்கெட் ஓரையன் கலத்தில் மனிதரை நிலவுப் பக்கம் கொண்டுபோகும். அந்த ராக்கெட்டால் நிலவுக்கு அனுப்ப முடிந்தது சுமார் 27 டன்; சாட்டர்ன்-5 அனுப்பியது 45 டன்னுக்கு மேல். ஆகவே அப்போலோ போலக் கலத்தையும் தரையிறங்கு வாகனத்தையும் ஒரே ராக்கெட்டில் அனுப்ப முடியாது. தரையிறங்கு வாகனத்தைத் தனியாரிடம் விட்டார்கள்: 2021-ல் ஸ்பேஸ்எக்ஸுக்கு 289 கோடி டாலர் ஒப்பந்தம், 2023-ல் புளூ ஆரிஜினுக்கு 340 கோடி. ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் வாகனம் பூமிச் சுற்றுப்பாதையில் நின்று, அடுத்தடுத்து வருகிற எரிபொருள் கலங்களிடமிருந்து நிரப்பிக்கொண்டுதான் நிலவுக்குக் கிளம்ப முடியும். அந்த அளவில் மிகக் குளிர்ந்த எரிபொருளை விண்வெளியில் ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது யாரும் வழக்கமாகச் செய்து பழகிய வேலை இல்லை, தேதிகள் தள்ளிப்போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முதல் ஆள் பயணமான ஆர்ட்டெமிஸ்-2-ல் தரையிறக்கமே கிடையாது என்று வடிவமைத்ததும் அதனால் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று: நான்கு பேர், சுமார் பத்து நாள், நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்புவது, அவ்வளவுதான். தரையிறங்கு வாகனத்துக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை.

‘தனியார்தான் இப்போது எல்லாம் செய்கிறார்களே, அரசு நிறுவனம் எதற்கு?’ என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும். வாகனத்தைத் தனியார் கட்டலாம், சொந்தப் பணத்தையும் போடலாம். ஆனால் நிலவுக்குப் போக இன்று பெரிய அளவில் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் அரசுதான். அந்த வாடிக்கையாளர் கையை விரித்தால் கதை வேறு.

‘ரோபோக்கள் போதாதா?’ என்பது இன்னும் நல்ல கேள்வி. அப்போலோ ஆறு தரையிறக்கங்களில் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தது. அதே காலத்தில் சோவியத்தின் மூன்று ரோபோ கலங்கள் சேர்ந்து கொண்டுவந்தது அரை கிலோகூட இல்லை. செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 45 கிலோமீட்டர் நகரப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது, அப்போலோ-17-ன் இருவர் மூன்று நாளில் தங்கள் ஊர்தியில் 35 கிலோமீட்டர் ஓட்டினார்கள். மனிதர் வேகமானவர், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு மனிதப் பயணத்தின் செலவில் எத்தனை ரோபோக்களை அனுப்பலாம் என்றும் கேட்க வேண்டும். அறிவியலை மட்டும் காரணமாகக் காட்டி இந்தச் செலவை யாராலும் நியாயப்படுத்த முடியாது, கென்னடியும் முயலவில்லை. நாட்டின் கௌரவம், வேலைவாய்ப்பு, போட்டி இவைதான் உண்மையான எரிபொருள். 2030-க்குள் தன் மனிதரை நிலவில் இறக்குவோம் என்று சீனா அறிவித்திருப்பது நாசாவுக்கு எந்த அறிவியல் அறிக்கையையும்விடப் பெரிய உதவி.

2025-ல் நடந்ததைப் பார்த்தால் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது தெளிவாகத் தெரியும். மே மாதம் வெள்ளை மாளிகை வைத்த முன்மொழிவில், நாசாவின் மொத்த நிதியில் கிட்டத்தட்ட கால் பங்கு வெட்டு, எஸ்எல்எஸ்ஸும் ஓரையனும் ஆர்ட்டெமிஸ்-3-ஓடு நிறுத்தம், நிலவைச் சுற்றவிருந்த கேட்வே நிலையம் ரத்து. இரண்டே மாதத்தில், ஜூலையில் அதே அதிபர் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்துக்குள் காங்கிரஸ் ஏறக்குறைய 1,000 கோடி டாலரைச் செருகியிருந்தது, நான்காம் ஐந்தாம் பயணங்களுக்கான எஸ்எல்எஸ், கேட்வே எல்லாம் அதில் இருந்தன. ஒரு கை வெட்டியது, இன்னொரு கை ஒட்டியது, இரண்டுமே அரசு.

அப்படியானால் நாசா சுற்றுப்பாதை தாண்டி மனிதரை அனுப்புமா? நிலவு வரை, ஆம் என்பது என் பதில், சொன்ன தேதிகளில் இல்லை என்றாலும். ராக்கெட் பறந்திருக்கிறது, கலம் திரும்பி வந்திருக்கிறது, தரையிறங்கு வாகனத்துக்கு இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருக்கின்றன, ரத்து செய்ய முயன்றால் தடுக்க ஆள் இருக்கிறது. கான்ஸ்டலேஷனுக்கு இவை எல்லாம் ஒருசேர வாய்க்கவில்லை. நிலவில் தொடர்ந்து தங்குவார்களா என்பது வேறு கேள்வி, பயணத்துக்கு 410 கோடி டாலர் என்ற விலை இறங்காமல் அது நடக்காது. செவ்வாய் என்று யாராவது மேடையில் முழங்கினால், அந்த ஆண்டின் பட்ஜெட்டைத் திறந்து பாருங்கள். செவ்வாயைப் பற்றி மிக அதிகமாகப் பேச்சு அடிபட்ட அதே 2025-ன் முன்மொழிவில் நிலவுக்கு 700 கோடி டாலருக்கு மேல் இருந்தது, செவ்வாய்க்கென்று புதிதாக வைத்தது 100 கோடி.